படி எடுக்கப் போனவர்களின் படி

முப்பத்தாறு வருஷம் நான் பார்த்த உத்தியோகம், மற்றவர்கள் போய்வந்த ஊர்களைக் காகிதத்தில் பார்ப்பது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி அலுவலகம்; அரசாங்கப் பணத்தில் நடப்பது; பெயர் வேண்டாம். அதன் கணக்குப் பிரிவில் 1976இல் எழுத்தராகச் சேர்ந்து 2012இல் கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். ஆய்வாளர்கள் களத்துக்குப் போய்த் திரும்பியதும் டி.ஏ. பில், அதாவது பயணப்படிக் கணக்கு, என் மேஜைக்கு வந்துவிடும். ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவா பஸ்ஸா, ராத்திரி எங்கே தங்கினார், அதற்கு ரசீது உண்டா. இல்லையென்றால் சிவப்பு மை. ஹம்பி எனக்கு ஒரு கோயில் நகரம் அல்ல. ஹோஸ்பேட்டையில் இறங்கி மாறும் ஊர்.

சொந்த ஊர் திருப்புலிவனம். உத்திரமேரூரிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள். அந்த எட்டு எங்கள் பிரிவுக்கு வேதவாக்கு. தலைமையிடத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் போய்வந்தால் தினப்படி கிடையாது. ஐந்து மைல் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்ததைக் கிலோமீட்டராக்கிக்கொண்டோம், அவ்வளவுதான். உத்திரமேரூரில் ஓர் அலுவலகம் இருந்து, அங்கிருந்து ஒருவர் சித்திரை வெயிலில் எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க நடந்து வந்தால், விதிப்படி அவர் எங்கேயும் போகவில்லை.

தமிழில் ‘படி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவது கஷ்டம். நெல் அளப்பது படி. வாசலில் உட்காருவது படி. நகலும் படி. சம்பளத்துக்கு மேல் வருவதும் படி, பயணப்படி, அகவிலைப்படி. கல்வெட்டின் மேல் காகிதத்தை ஒட்டி மை ஒற்றி எடுப்பதும் படிதான். மைப்படி என்பார்கள். படி எடுக்கப் போனவருக்கு எத்தனை நாள் படி கொடுக்கலாம் என்று தமிழில் குறிப்பெழுதி மேலே அனுப்பியிருந்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்திருப்பார்கள். நல்லவேளை, குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய காலம் அது.

இந்தப் படி எடுக்கும் வேலையை எனக்குப் பத்து வயதில், 1962 வாக்கில், எங்கள் ஊர் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலில்தான் முதலில் பார்த்தேன். ஏதோ அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வேட்டி கட்டிய பெரியவர். இன்னொருவர் காக்கிச் சட்டை போட்ட கலாசி, கூடமாட வேலை செய்யும் ஊழியர். கலாசி முதலில் கல்லை நாரால் தேய்த்துக் கழுவினார். பிறகு நனைத்த காகிதத்தை அதன்மேல் விரித்து, நீளமான பிரஷ்ஷால் ‘டப் டப்’ என்று அடித்தார். காகிதம் எழுத்துகளின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாதி காய்ந்ததும் துணிப் பொதியில் மையைத் தொட்டு ஒற்றினார். கருப்பு நடுவே எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வந்தது. பேய் ஓட்டுவதைப் பார்க்கிற மாதிரி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த வேலைக்கு மையைவிடத் தண்ணீர்தான் அதிகம் வேண்டும். “டேய் தம்பி, ஒரு குடம் தண்ணி கொண்டாடா” என்றார் கலாசி. மூன்று நாள் நான் தண்ணீர் சுமந்தேன். பாட்டி இரண்டு பேருக்கும் மத்தியானம் சோறு போட்டாள். காசு கொடுக்க வந்த பெரியவரிடம், “கோயிலு வேலைக்கு வந்தவங்ககிட்ட இன்னா காசு” என்று சொல்லிவிட்டாள். எனக்கு மட்டும் நாலணா கிடைத்தது. அந்த நாலணாவுக்கு ரசீது யாரும் வாங்கவில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்க் கல்வெட்டுகளை எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை; ஒன்று 919, மற்றொன்று 921. குடவோலை, முப்பது குடும்பு, வாரியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. கல்வெட்டுத் துறை அவற்றுக்குப் படி எடுத்தது 1898இல். அந்த ஆண்டுத் தொகுப்பின் முதல் இரண்டு எண்கள் அவைதான். ட்ரெஸ்டனில் பிறந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் துறையைக் கவனித்த காலம். 1886இல் பதவிக்கு வந்தவர். அவருடைய உதவியாளராக இருந்து பின்னால் அந்த இடத்துக்கே வந்த வி. வெங்கையா, தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் இரண்டையும் விளக்கி எழுதினார். ஊர்க் கல்வெட்டுகளின் மூலப்பாடம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ ஆறாம் தொகுதியில் அச்சானது 1928இல். படி எடுத்து முப்பது வருஷம். நீலகண்ட சாஸ்திரி 1932இல் சோழர் நிர்வாகம் பற்றிய தம் புத்தகத்தில் இந்த ஊருக்குத் தனி இடம் கொடுத்தார். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து ஊரை முழுசாக ஆராய்ந்த நூல் 1970இல் புதுச்சேரியில் வெளிவந்தது, பிரெஞ்சு மொழியில். ஊரைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ள விரும்பும் உத்திரமேரூர்க்காரர் முதலில் பிரெஞ்சு படிக்க வேண்டியிருந்தது.

கணக்குப் பிள்ளையாக எனக்கு அந்த 1898ஆம் வருஷத்துப் பயணம் கண்ணில் நிற்கும். உத்திரமேரூருக்கு ரயில் இன்றைக்கும் இல்லை. அன்றைக்கு அருகில் என்றால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம். எதில் இறங்கினாலும் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர். மாட்டுவண்டி மணிக்கு நாலு கிலோமீட்டர் போனால் ஏழு மணி நேரம். காகிதக் கட்டு, மைப் புட்டி, பிரஷ், படுக்கை, சமையல் சாமான் எல்லாம் வண்டியில். ஈரக் காகிதத்தைக் காற்று தூக்காத நேரம் பார்த்துத்தான் ஒட்ட முடியும். மழை வந்தால் அன்றைய வேலை போச்சு. ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு நாளுக்கும் படி உண்டு. இதை எந்தக் கணக்குப் பிரிவும் மனசாரக் கொடுத்ததில்லை.

அதற்கு நூறு வருஷம் முன்னால் இந்தப் பக்கம் சுற்றிய ஒருவர், படியை நம்பாமல் கைக்காசைப் போட்டார். காலின் மெக்கன்சி. நில அளவைக்காரர், 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். அளவை வேலைக்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. சுவடி, கல்வெட்டு, ஊர்க் கதை சேர்ப்பது அவருடைய ஆசை. அதற்காகக் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆள் அனுப்பினார். 1821இல் அவர் இறந்ததும், சேர்த்ததையெல்லாம் கம்பெனி அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆய்வாளர் இப்படிச் செய்திருந்தால், முன் அனுமதி இல்லாத செலவு என்று ஒரு பைசா தேறியிருக்காது.

வில்லியம் லாம்டன் கதை வேறு. 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே இறங்கியவர். உத்திரமேரூருக்கு ஒரு நாள் வண்டிப் பயணத்தில் இருக்கும் கருங்குழியும் அவர் கருவி வைத்துப் பார்த்த இடங்களில் ஒன்று. அரை டன் எடையுள்ள கருவியை மலை மலையாகத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஆன செலவைப் பார்த்து, சென்னை அரசின் நிதிக் குழுவில் ஒருவர், சீரங்கப்பட்டணம் போகவேண்டியவன் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா, இவருடைய வரைபடம் எதற்கு என்று கேட்டதாகச் சொல்வார்கள். என் மேலதிகாரிகளில் இரண்டு பேரின் குரல் எனக்கு அதில் கேட்கிறது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அந்தக் கருவி மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே சரிசெய்தார். உடைந்த சாமானுக்கு யார் பொறுப்பு என்ற கோப்பு எத்தனை வருஷம் சுற்றியிருக்கும் என்றுதான் என் புத்தி போகிறது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று நினைத்தால் தப்பு. அதிகாரி ஊருக்கு வந்தால் செலவு யார் தலையில் என்பது இங்கே வெகு பழைய வழக்கு. நாலாம் நூற்றாண்டு வாக்கில் சிவஸ்கந்தவர்மன் என்ற பல்லவ மன்னன் காஞ்சிபுரத்திலிருந்து பிராகிருதத்தில் வெளியிட்ட ஹீரஹடகல்லிச் செப்பேட்டில், தானம் கொடுத்த ஊருக்கு அளித்த விலக்குகளைப் படியுங்கள். அந்த ஊரில் பால் தயிர் எடுக்கக் கூடாது, வண்டிக்கு மாடு முறைவைத்துப் பிடிக்கக் கூடாது, புல் விறகு எடுக்கக் கூடாது, காய்கறி பூ எடுக்கக் கூடாது. விலக்கு இவ்வளவு விவரமாக இருந்தால், விலக்குக் கிடைக்காத ஊர்களில் என்ன நடந்திருக்கும்? அதுதான் அன்றைய டி.ஏ. பில். சோழர் கல்வெட்டு வரிப் பட்டியல்களில் ‘எச்சோறு’ என்று ஒன்று வரும். அரசு ஆட்களுக்குச் சோறு போடும் கடமை என்று அறிஞர்கள் பொருள் சொல்வார்கள். என் பாட்டி போட்டது எச்சோறா இல்லையா என்று நான் சில ராத்திரி யோசித்ததுண்டு.

கம்பெனிப் பட்டாளம் இந்தச் சோற்றைக் காசாக்கியது. அதுதான் பேட்டா. 1766இல் இரட்டை பேட்டாவைக் கிளைவ் நிறுத்தியதும் வங்காளத்தில் வெள்ளை அதிகாரிகளே கூட்டமாகப் பதவியை வீசினார்கள். 1828இல் பென்டிங்க் அதைப் பாதியாக்கியபோது சாகும்வரை அவரைத் திட்டினார்கள். லாரி டிரைவரிலிருந்து சினிமா லைட்பாய் வரை இன்று வாங்கும் பேட்டாவுக்கு அத்தனை ரகளையான பூர்வீகம். 1922இல் வந்த அடிப்படை விதிகள் ஒரு முடிவு கட்டின: படி என்பது ஆன செலவை ஈடுகட்டத்தான், மொத்தத்தில் அது வாங்குபவருக்கு லாபமாகிவிடக் கூடாது. நாற்பத்து நாலாம் விதி. இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக நான் வாழ்ந்தேன்.

இப்போது உத்திரமேரூர் மண்டபத்துக்கு வருகிறேன். கூட்டச் செலவு என்று எடுத்துக்கொண்டால், அங்கே கூடிய ஊர்ச் சபை அளவுக்குச் சிக்கனமாகக் கூடியவர்களை நான் பார்க்கவில்லை. உறுப்பினர் எல்லோரும் பறைச் சத்தம் கேட்கும் தூரத்தில் குடியிருந்தவர்கள். ஓலை நறுக்கு, ஒரு குடம், சீட்டு எடுக்க ஒன்றும் அறியாத ஒரு சிறுவன், அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்கும் மத்தியஸ்தன். சாமான் செலவு இவ்வளவுதான். உறுப்பினருக்குச் சம்பளம், படி என்று அந்த இரண்டு கல்வெட்டிலும் ஒரு வரி இல்லை. வேறொரு சோழ நாட்டுச் சபை, ராத்திரியில் கூடுவதால் வேலையும் நடப்பதில்லை, விளக்கு எண்ணெயும் வீண் என்று இரவுக் கூட்டத்தையே நிறுத்தித் தீர்மானம் போட்டது. எங்கள் நிதி ஆலோசகர் யாருக்கும் இந்தத் தெம்பு வந்ததில்லை.

டூரில் வந்தவர்களும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். 919இல் ராஜ ஆணையோடு வந்து உடன் இருந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். 921இல் சோமாசிபெருமான். பெயரும் ஊரும் கல்லில் உள்ளன. எத்தனை நாள் தங்கினார்கள், குதிரைக்கு யார் புல் போட்டது, யார் வீட்டில் இலை விரித்தார்கள் என்பது இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு நிற்கும்படி கல்லில் வெட்டியவர்கள்கூட விருந்தாளிச் செலவை எழுதவில்லை.

ஆனால் கணக்கில் கறார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவன் மட்டுமில்லை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனன், சகோதரி புருஷன், மருமகன், அப்பன், பிள்ளை எல்லோரும் அவுட். இதே ஊரில் கணக்கனுக்கு நெல்லும் பொன்னும் கூலி. கேட்டபோது கணக்கை ஒப்பித்து, பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் பிடிக்கவும் தயாராக இருக்கவேண்டும். கை வெந்தால் அபராதம். இதைப் படித்த அன்று என் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. 1987இல் ஒரு களப்பணி பில். ஒரு கலாசி பதினொரு நாள் தென் மாவட்டங்களில் சுற்றிவிட்டு வந்து எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: ‘தண்ணீர் சுமந்த பையனுக்கு ரூ. 5.’ ரசீது இல்லை. பையனிடம் எப்படி ரசீது வாங்குவது? ஒரு கைநாட்டாவது வாங்கியிருக்கலாமே என்றேன். “சார், அவன் மூணாங்கிளாஸ் படிக்கிறான், கையெழுத்தே போடுவான், எனக்குத்தான் கேக்கத் தோணல” என்றார். அந்த வரியை அடித்தேன். அதே மாதம், நாலு ஊர் ஆய்வாளர்கள் சென்னையில் கூடிய இரண்டு நாள் கருத்தரங்கின் பில் வந்தது. விமான டிக்கெட், ஹோட்டல் சாப்பாடு, சந்தன மாலை, பிளாஸ்டிக் ஃபோல்டர். எல்லாவற்றுக்கும் ரசீது, ரப்பர் ஸ்டாம்ப் பளிச்சென்று. ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மை பட வழியில்லை. அந்தக் கருத்தரங்கில் ஒருவரும் ஒரு கல்லையும் பார்க்கவில்லை. நான் பாஸ் செய்தேன். வரவேற்புக் குழுவில் நானும் இருந்ததால் ஃபோல்டர் ஒன்று எனக்கும் கிடைத்தது. இன்னும் வீட்டில் மின் கட்டண அட்டை அதற்குள்தான் இருக்கிறது.

கூட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஓர் எழுத்து ‘ன’வா ‘ந’வா என்று சண்டை போட்டதால் திருந்திய பாடங்கள் உண்டு. ஆனால் அந்தச் சண்டைக்குக் கல்லோ அதன் மைப்படியோ நடுவில் இருக்கவேண்டும். எங்கள் விதிகள் உட்கார்ந்து பேசும் செலவை எளிதாக நம்பின. குனிந்து வேலை செய்யும் செலவைச் சந்தேகப்பட்டன. அதுதான் என் புகார். அந்த விதிகளின் கை நானாக இருந்தேன் என்பதையும் சேர்த்து.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா? 2014இல் மத்திய அரசின் சிக்கன உத்தரவு ஐந்து நட்சத்திர ஹோட்டல் கூட்டங்களை நிறுத்தச் சொன்னது. வீடியோவில் கூடுங்கள் என்றது. நல்லது. 2017 ஜூலையில் வந்த பயணப்படி உத்தரவையும் படித்தேன். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்காது. அந்த உத்தரவின்படி அன்று கீழ்மட்ட ஊழியருக்கு வெளியூரில் ஒரு நாள் அறை வாடகை 450 ரூபாய், சாப்பாடு 500, ஊருக்குள் சுற்ற 113. உச்சியில் இருப்பவருக்கு அறை 7,500, சாப்பாடு 1,200. பசி ஏறத்தாழ இரண்டரை மடங்குதான் வித்தியாசப்பட்டது, தூக்கம் பதினாறு மடங்குக்கு மேல். அந்த 113 ரூபாயில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தக் குக்கிராமத்துக் கோயிலுக்கு ஆட்டோவில் போய்வர முடிந்திருக்கும் என்று யாராவது சொன்னால் தேவலை.

இன்னொன்று. கல்வெட்டுத் துறைத் தலைமையகம் நெடுநாள் ஊட்டியில் இருந்து 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அங்கே போயின. திருப்புலிவனத்துப் பிள்ளை ஒருவன் தன் ஊர்க் கல்லின் பழைய படியைப் பார்க்க நானூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட்டது. படிகள் பயணம் செய்தால் அவற்றுக்குப் பயணப்படி எந்தத் தலைப்பில் எழுதுவார்கள் என்று நானும் ஒரு பழைய சகாவும் போனில் சிரித்துக்கொண்டோம்.

போன தை மாதம் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி சுவரோரம் தரையில் உட்கார்ந்து, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எழுத்தின் நிழலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மையும் இல்லை, காகிதமும் இல்லை. எப்படியம்மா வந்தே என்று கேட்டேன். இரண்டு டவுன் பஸ் மாறி வந்தாளாம். பழக்கதோஷம், “டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதே” என்றேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பெண்களுக்கான கட்டணமில்லா டிக்கெட். இரண்டும்.

“இதுக்கு பில் போடலாமா தாத்தா?”

திருப்பிப் பார்த்தேன். ரசீது இருக்கிறது, தொகை இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை.

“இங்க தண்ணி எங்க கெடைக்கும்?” என்று கேட்டாள். நீ வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டு எழுந்து எதிர்க் கடைக்குப் போனேன். ஒரு லிட்டர் பாட்டில், இருபது ரூபாய்.